காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் படுக்காதீர்கள்: ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தை வீட்டில் இருக்கும்போது

அக்கா மகனுக்கு நான்கு வயதில் ஏ.எல்.எல். என்று சொன்னார்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இந்த ரத்தப் புற்றுநோய்தான். சிகிச்சை இரண்டரை, மூன்று வருடம் இழுக்கும். அதில் பெரும்பகுதி ‘மெயின்டெனன்ஸ்’. அதாவது மாத்திரை, உணவு, காவல் எல்லாம் வீட்டார் கையில். நாங்கள் செய்த தவறுகளும் வார்டில் பழகிய மற்ற குடும்பங்கள் செய்த தவறுகளும் கிட்டத்தட்ட ஒன்றே. மற்ற பிள்ளைகளை வளர்த்துப் பழகிய கை, இந்தப் பிள்ளைக்கும் அதையே செய்துவிடுகிறது.

காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு சுட்டால் பாராசிட்டமால் கொடுத்து, ஈரத்துணி போட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுப்போம். கீமோ எடுக்கும் குழந்தைக்கு இது ஆகவே ஆகாது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 500க்குக் கீழே போயிருந்தால், கிருமியோடு சண்டை போட உடம்பில் ஆள் கிடையாது. சீழ், வீக்கம் எதுவும் வெளியே தெரியாது. காய்ச்சல் மட்டும்தான் துப்பு. டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் அதுவும் மறைந்துவிடும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தாலே போன் செய்யுங்கள் என்பது பல மருத்துவமனைகளில் சொல்லும் அளவு. உங்கள் டாக்டர் சொல்லும் அளவைக் கேட்டு, வார்டு நம்பரோடு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏறியிருக்க வேண்டும். அதனால் இரவு இரண்டு மணி ஆனாலும் கிளம்ப வேண்டியதுதான்.

தெர்மாமீட்டரை அக்குளில் வையுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர், மருந்து, எனிமா எதுவும் கூடாது. சின்னக் கீறல் போதும், கிருமி உள்ளே போக. ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களில் காய்ச்சல் காட்டாமலே கிருமி பரவலாம். குழந்தை நடுங்கினாலோ துவண்டு கிடந்தாலோ, தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் போங்கள். தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் ஊசி, வலிக்கு இபுப்ரோஃபென், ஆஸ்பிரின், மூன்றும் வேண்டாம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்திருந்தால் ரத்தம் நிற்காது.

அடுத்தது மெத்தோட்ரெக்ஸேட். வீட்டில் கொடுக்கும் கீமோ மாத்திரைகள் இரண்டு: மெர்காப்டோப்யூரின் தினமும், மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் என்றைக்காவது தினமும் கொடுத்துவிடுவோம். அப்படிக் கொடுத்தால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் அம்மா வெள்ளிக்கிழமை ஒருநாள் மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளை யாரோ கிழிக்காமல் விட்டதால், கொடுத்தாயிற்று என்று வியாழக்கிழமை போட்ட வட்டம் கண்ணில் பட்டது, தப்பித்தோம். அப்புறம் மாத்திரைப் பொறுப்பு அக்காவுக்கு மட்டும் என்று ஆனது. குழந்தை வாந்தி எடுத்தால் நீங்களாக இன்னொரு மாத்திரை கொடுக்காதீர்கள், கேளுங்கள். கர்ப்பிணிகள் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. மற்றவர்கள் கையுறை போட்டுக்கொள்ளலாம். “சளியே இல்லையே, இது எதற்கு?” என்று செப்ட்ரான் மாத்திரையை நிறுத்துபவர்களும் உண்டு. ஒரு வகை நிமோனியா வராமல் இருக்கத்தான் அது.

சின்னம்மை விஷயத்தில் நம் ஊர் வழக்கம் பெரிய சிக்கல். அம்மை போட்டால் ஆஸ்பத்திரி கூடாது, மூன்று தண்ணி ஊற்றும்வரை வீடுதான் என்று பெரியவர்கள் நிற்பார்கள். இந்தக் குழந்தைக்கு அம்மை நுரையீரல், கல்லீரல் வரை போகும். பக்கத்து வீட்டில் அம்மை, அங்கே குழந்தை விளையாடியது என்று தெரிந்தாலே அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். தடுக்க மருந்து உண்டு; நாள் கடந்தால் பலன் குறையும். பெரியவர்கள் மனம் நோகாமல் வாசலில் வேப்பிலை செருகுங்கள், குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். போலியோ சொட்டு மருந்தும் இந்தக் குழந்தைக்குக் கூடாது. அது உயிருள்ள கிருமியைக் கொண்ட மருந்து, கூடப் பிறந்தவர்களின் மலம் வழியாகவும் பரவும். அவர்களுக்குப் போலியோ ஊசி போடலாமா என்று கேளுங்கள்.

சாப்பாட்டில் சுருக்கமாக: சுடச்சுட வீட்டுச் சாப்பாடு, தோல் உரிக்கும் பழம், கொதித்து ஆறிய தண்ணீர். பச்சையாக அரைத்த பப்பாளி இலைச் சாறு மாதிரி சொந்தக்காரர்கள் கொண்டுவருவதை டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டு நாட்களில் நள்ளிரவில் சாம்பார் சாதம் கேட்டு அழுவான், அடிப்பான். அது மருந்து செய்யும் வேலை. அதற்காகப் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை.

இதையெல்லாம்விட மோசமானது, பாதியில் நிறுத்துவது. முதல் மாதச் சிகிச்சையிலேயே பெரும்பாலான குழந்தைகளுக்குப் பரிசோதனையில் புற்றணு தென்படாது. பிள்ளை ஓடி ஆடும். “நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு அந்த விஷம்?” என்பார் தாத்தா. கண்ணுக்குப் படாத அணுக்கள் மிச்சம் இருப்பதால்தான் இரண்டு வருட மாத்திரை. பணமோ பயணமோ தடுத்தால் வார்டு சமூகப் பணியாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீடு, ரயில் சலுகை எல்லாம் கேட்டால்தான் கிடைக்கும்.

இன்னொன்று. இது தொற்றாது, தனித் தட்டு தேவையில்லை என்று கூடப் பிறந்தவர்களிடமும் சொல்ல வேண்டும். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. நான்காவது மாதம், அக்காவின் ஏழு வயது மகள் என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்: “சித்தி, நான் தம்பியைக் கீழே தள்ளிவிட்டதாலயா அவனுக்கு இது வந்துச்சு?”