பிஎச்பிபிபி அப்டேட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் பலர் கூடிப் பேசும் மன்றங்களை (புல்லட்டின் போர்டு) நடத்த உதவும் பிஎச்பிபிபி மென்பொருளின் 2.0.11 பதிப்பு 2004 நவம்பரில் வந்தது. அதில் அடைக்கப்பட்ட பெரிய ஓட்டை ஒரே ஒரு வரியில் இருந்தது. தேடிய சொல்லைத் தனியாக எடுத்துக் காட்டும் 'ஹைலைட்' பகுதி அது. இணைய முகவரியில் குறியீடாக வரும் எழுத்துகளை சர்வர் ஒருமுறை அவிழ்த்துக் கொடுத்துவிடும். நிரலோ அதை இன்னொரு முறை அவிழ்த்தது. மேற்கோள் குறியை இரண்டு மடிப்புக்குள் ஒளித்து அனுப்பினால் பாதுகாப்பு அதைக் கவனிக்காது. இரண்டாவது அவிழ்ப்பில் குறி வெளியே வரும், பின்னால் வந்த கட்டளையையும் சர்வர் ஓட்டிவிடும். அந்த இரண்டாவது அவிழ்ப்பை எடுத்துவிட்டதுதான் திருத்தம்.

ஒரு மாதம் கழித்து சான்டி என்ற வார்ம், அதாவது தானே பரவும் தீய நிரல், கிளம்பியது. கூகுளில் தேடியே பழைய பதிப்புகளைக் கண்டுபிடித்து, பக்கங்களை அழித்து எழுதியது. அந்தத் தேடலையே கூகுள் தடுக்க வேண்டியிருந்தது. மருந்து கையில் இருந்தும் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அன்று கூடுதல் வசதி வேண்டுமென்றால் மூல ஃபைலைத் திறந்து, இந்த வரியைத் தேடு, அதன் கீழே இதை ஒட்டு என்று கையால்தான் மாற்ற வேண்டும். அப்படி இருபது மாற்றம் செய்த போர்டுக்கு அப்டேட் என்றாலே வயிற்றில் புளி கரைக்கும், ஒட்டியதெல்லாம் போய்விடுமே! 2014இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து, மூல ஃபைலைத் தொடாமல் கூடுதல் வசதியைத் தனியாகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் வசதி இருக்கிறது. அதற்குப் பிறகும் மூல ஃபைலில் கை வைப்பதுதான் முதல் தவறு. இன்று செய்யும் சின்ன மாற்றம், நாளை அவசரத் திருத்தம் வரும்போது கையைக் கட்டிவிடும்.

அடுத்தது பேக்கப். பதிவுகள் இருக்கும் டேட்டாபேஸை மட்டும் எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. உறுப்பினர்கள் இணைத்த படங்களும் ஆவணங்களும் டேட்டாபேஸில் இல்லை, 'ஃபைல்ஸ்' ஃபோல்டரில் இருக்கின்றன. அதுவும் புரியாத நீளமான பெயர்களில். எது யாருடைய படம் என்ற விவரம் டேட்டாபேஸில்தான் உண்டு. ஒன்றில்லாமல் இன்னொன்று உதவாது, இரண்டையும் ஒரே நேரத்தில் எடுங்கள்.

எடுத்த பேக்கப்பைத் திறந்தும் பாருங்கள். ஒருமுறை என்னுடைய டேட்டாபேஸ் ஃபைல் பாதியிலேயே நின்றிருந்தது. பிரவுசர் வழியாக எடுத்தபோது நேரம் முடிந்து துண்டாகியிருக்கிறது, திரும்ப ஏற்றும்போதுதான் தெரிந்தது. டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கருவியைக் கொண்டு எடுத்தால், வேலை முடிந்ததைச் சொல்லும் குறிப்பு வழக்கமாகக் கடைசி வரியில் இருக்கும். அந்த வரியைப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். தமிழ்ப் பதிவுகள் உள்ள போர்டு என்றால் இன்னும் ஒன்று: எடுக்கும்போதும் ஏற்றும்போதும் எழுத்துக் குறியாக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் பதிவெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

புதிய பதிப்பின் முழுப் பொதியை ஏற்றும்போது பழைய ஃபைல்கள் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். கான்ஃபிக் ஃபைல், ஃபைல்ஸ், இமேஜஸ், ஸ்டோர் ஃபோல்டர்கள், உங்கள் எக்ஸ்டென்ஷன்கள், ஸ்டைல்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். புதிய ஃபைலை ஏற்றியதோடு வேலை முடியாது, டேட்டாபேஸ் அப்டேட்டையும் ஓட்ட வேண்டும். அப்புறம் இன்ஸ்டால் ஃபோல்டரை நீக்க வேண்டும்.

இதையெல்லாம் போர்டின் ஒரு நகலில் முதலில் செய்து பார்ப்பது நல்லது. ஆனால் நகலை உருவாக்கியதும் அதில் மின்னஞ்சல் அனுப்பும் வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சோதனைக்கு எழுதும் பதிவு, நகலில் இருக்கும் உண்மையான உறுப்பினர்களின் இன்பாக்ஸுக்கே போய்ச் சேரும்.