வீட்டு ஐபிஎல் கருவி: எப்போதெல்லாம் கையில் எடுக்கக் கூடாது

பளிச்சிடும் தீவிர ஒளியால் முடி நீக்கும் ஐபிஎல் (Intense Pulsed Light) கருவியைப் புதிதாக வாங்குகிறவர்கள் அந்தப் பளீர் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். பயம் இருக்க வேண்டிய இடம் வேறு. கண்ணருகே வைக்காதே, கர்ப்பகாலத்தில் தொடாதே என்பதெல்லாம் கூடவே வரும் கையேட்டில் இருக்கும். அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

கையில் நிறம் பார்த்து அக்குளில் அடிப்பது

எத்தனை தடவை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. கருவியோடு வரும் தோல் நிற அட்டையை முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வெயில் அதிகம் படாத, வெளுத்த இடம் அது. நான்காவது கட்டத்தோடு ஒத்துப்போனதும் “அப்பாடா, நமக்கு ஆகும்” என்று கருவியை அக்குளுக்குக் கொண்டுபோய், எடுத்த எடுப்பிலேயே உச்ச அளவில் ஒளியை அடிப்பார்கள். அக்குளோ ஷேவிங்கிலும் உராய்விலும் கறுத்து, கையைவிட ஒன்றிரண்டு படி அடர்ந்த நிறத்தில் இருக்கும்.

இந்த ஒளிக்கு முடி எது, தோல் எது என்று தெரியாது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின் எங்கே இருந்தாலும் அங்கே சூடேற்றும். முடிவேரிலுள்ள மெலனின் சூடாகி வேரைச் சுட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. தோலிலும் மெலனின் நிறைய இருந்தால் வழியிலேயே பெரும்பங்கு சூடு மேல்தோலில் இறங்கிவிடும். முடி அப்படியே இருக்கும், தோல் வெந்துபோகும். கருவியில் ஒளி வெளிவரும் கண்ணாடியின் அளவிலேயே, செங்கல் அடுக்கியதுபோலச் செவ்வகத் தழும்புகள். முதலில் எரிச்சல், பிறகு கறுப்பு. அது மங்க மாதக்கணக்கில் ஆகும். மங்குவதற்குள் பொறுமையிழந்து அதே இடத்தில் மறுபடி அடித்தால், கறுத்த தோல் முன்னைவிட அதிக ஒளியை உறிஞ்சும்.

தோல் நிறத்தை 1 முதல் 6 வரை பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில், வீட்டுக் கருவிகளில் சில 4 வரைக்கும், சில 5 வரைக்கும்தான். நாம் மாநிறம் என்பது 4-லும் விழும், 5-லும் விழும். ஆகவே அடிக்கப்போகும் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக நிறம் பாருங்கள். தேறினால், மிகக் குறைந்த அளவில் ஒரே ஓர் அடி. பிறகு ஒரு நாள் முழுக்கக் காத்திருங்கள், நிறம் அடர்ந்த தோலென்றால் இரண்டு நாள். தோல் நிறம் பார்க்கும் சென்சார் ஒளிவிட மறுத்தால் கருவியைச் சாய்த்தும் அழுத்தியும் ஏமாற்றப் பார்க்காதீர்கள். அடர்நிறத் தோலுக்கு ஏற்றது 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர். மெலனின் அந்த ஒளியைக் குறைவாகவே உறிஞ்சும். ஆனால் அது தோல் மருத்துவரிடம் செய்துகொள்ள வேண்டியது.

தாடை முடி

மாதவிடாய் ஒழுங்கில்லாமல், தாடையிலும் கழுத்திலும் தடித்த முடி வந்தால் முதலில் மருத்துவர், அப்புறம்தான் கருவி. ஹார்மோன் சமநிலை குலையும் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) கோளாறு இருந்தால் ஒரு முடியைச் சுடச்சுட ஹார்மோன் இன்னொன்றை வளர்த்துக்கொண்டிருக்கும். இதைவிட மோசமானது ஒன்று உண்டு: வேரைக் கொல்லப் போதாத சூடு, உறங்கிக்கிடந்த பூனைமுடியைத் தட்டியெழுப்பித் தடிக்க வைத்துவிடலாம். அடர்நிறத் தோலில், அதிலும் முகத்திலும் கழுத்திலும்தான் இது அதிகம் நடக்கிறது.

வாக்ஸிங் செய்த கையோடு

வீண். வேரைப் பிடுங்கிய பிறகு சுட அங்கே என்ன இருக்கிறது? த்ரெட்டிங், எபிலேட்டர் எல்லாம் இதே கதைதான். ஷேவ் மட்டும் செய்யுங்கள், ஆனால் ஒட்ட. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடி கருகும், அந்தக் கரி கண்ணாடியில் ஒட்டும், அடுத்த அடியில் அதுவே தோலைச் சுடும்.

நரைமுடி

மெலனின் இல்லை, பலனும் இல்லை.

மருதாணி, டாட்டூ, மச்சம்

மேலே அடிக்கவே கூடாது. கல்யாண மருதாணி முழுதும் மறையும்வரை கையைத் தொடாதீர்கள்.

மாத்திரைகள்

முகப்பருவுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் தோலை ஒளிக்குக் கூச வைக்கும். அதே முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டவர்களை, நிறுத்திய பிறகும் 6 மாதம் பொறுக்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

வெயில்

கடற்கரைக்குப் போய்க் கறுத்து வந்தால் குறைந்தது இரண்டு வாரம் கருவிக்கு ஓய்வு.

மரத்துப்போகும் கிரீம்

வேண்டாம். சுள்ளென்ற வலிதான் அளவைக் குறைக்கச் சொல்கிறது. சூடு பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம். கொப்புளம் எழுந்தால் உடைக்காமல் மருத்துவரிடம் போங்கள்.