ஜூஸ் கடைக்காரருக்குக் கோடை மாசியிலேயே தொடங்கிவிடும்

மதுரையில் சின்னதாக ஒரு ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாத ஓட்டம்தான் எங்களுக்கு வருஷ வாடகையைக் கட்டும். அதற்கான வேலையை மாசியில் முடித்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார், கடைக்கு ஆளும் கிடைக்காது.

முதல் வேலை ஃப்ரீசர். ஒரு வருஷம் இதைத் தள்ளிப்போட்டுப் பட்டிருக்கிறேன். சித்திரைத் திருவிழாவில் அழகரை ஊருக்குள் வரவேற்கும் எதிர்சேவை அன்று மத்தியானம், தெருவில் கால் வைக்க இடமில்லாத கூட்டம், கம்ப்ரஸர் நின்றுவிட்டது. ஜிகர்தண்டாவுக்குச் சுண்டக் காய்ச்சி வைத்திருந்த பத்து லிட்டர் பால் சாயங்காலத்துக்குள் திரிந்துபோனது. மெக்கானிக்கோ "அண்ணே, நாளன்னைக்குத்தான் வர முடியும்" என்று போனை வைத்துவிட்டார். அப்புறம் கழற்றிப் பார்த்தால் பின்பக்கக் கம்பிச் சுருளில் கம்பளி விரித்த மாதிரி தூசி, சூடு வெளியேற வழியே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் அரை மணி நேரம் தட்டினால் தீர்கிற விஷயம். பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காமல் அரை அடி தள்ளி வையுங்கள். கதவு ரப்பருக்கு இடையில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். ஊர் முழுக்க ஏசி ஓடும் ராத்திரிகளில் வோல்டேஜ் படுத்துவிடும், ஸ்டெபிலைசர் இல்லாமல் இருக்காதீர்கள்.

ஐஸில் கஞ்சத்தனம் வேண்டாம். மீனுக்குப் போடுகிற பார் ஐஸ் மலிவுதான், ஆனால் அது குடிக்கிற தண்ணீரில் உறைந்ததல்ல. ஒருத்தருக்கு வயிறு கெட்டாலும் தெரு முழுக்கச் சொல்வார்.

நன்னாரி சர்பத்தை வீட்டிலேயே போடுங்கள், கடை எசன்ஸ் வாசம் நாலு மடக்குக்குள் தெரிந்துவிடும். 100 கிராம் வேரை நன்றாக அலசி, இடித்து, உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டை எடுத்துப் போட்டுவிட்டு, மேல்பட்டையை மட்டும் ஒரு லிட்டர் கொதிநீரில் போட்டு ராத்திரி முழுக்க மூடி வையுங்கள். வேரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். காலையில் வடிகட்டிய தண்ணீரில் ஒன்றேகால் கிலோ சர்க்கரை சேர்த்துப் பாகு காய்ச்சி, இறக்கும்போது இரண்டு எலுமிச்சை பிழிந்தால் போதும். ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும், அவசரத்துக்குப் போட்டால் நடுவில் கல் மாதிரி நிற்கும்.

எலுமிச்சைதான் சீசனில் நம்மைப் பழிவாங்கும். 2022 ஏப்ரலில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது, போர்டில் பெயிண்டால் விலை எழுதி வைத்தவர்கள் நஷ்டத்துக்கு விற்றார்கள். லெமன் ஜூஸ் விலையை மட்டும் சாக்பீஸில் எழுதுங்கள்.

தர்பூசணியை வாடிக்கையாளர் கண் முன்னால் வெட்டுங்கள். பழத்தில் நிறம் ஏற்றுகிறார்கள் என்று 2025 கோடையில் கிளம்பிய பேச்சில் விவசாயிகளும் தவித்தார்கள், நாங்களும் தவித்தோம். முழுப் பழத்தை வெட்டிக் காட்டிய கடைகளில்தான் கொஞ்சமாவது ஓடியது.

டம்ளர் விஷயம்: 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கப், ஸ்ட்ரா, பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப் எல்லாம் தமிழ்நாட்டில் தடை. கண்ணாடி டம்ளர் இரண்டு டஜன் கூடுதலாக வாங்கி, கழுவ மட்டும் தனியாக ஒரு ஆள் போடுங்கள். ஜூஸ் போடுகிறவரே கழுவினால் வரிசை நகராது.

திருவிழா நாளில் ஏமாறாதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் சும்மா கொடுக்கிறார்கள், நம் லெமன் ஜூஸை யார் காசு கொடுத்துக் குடிப்பார்? அன்றைக்கு ஜிகர்தண்டா, ரோஸ்மில்க் மட்டும் போதும்.

மே 28 வாக்கில் கத்திரி முடிகிறபோதே பால் ஆர்டரைப் பாதியாக்கிவிடுங்கள். சாயங்காலம் ஒரு மழை பெய்தால் போதும், எதிர் டீக்கடையில் கூட்டம் நிற்கும், நம் பால் அப்படியே கிடக்கும்.