ஒரே ஸ்லைடருக்கு இரண்டு வேலை: சர்ஜ் எக்ஸ்டி பழகுவது எப்படி

சர்ஜ் எக்ஸ்டி என்ற சின்தசைசரைப் (இசைக்கான சத்தத்தை உருவாக்கும் மென்பொருள்) பற்றி யாரிடம் கேட்டாலும் இரண்டு பேச்சுதான் வரும். சத்தம் அருமை, இலவசம், கம்ப்யூட்டரைத் திணறடிப்பதில்லை என்பது ஒன்று. திறந்ததும் தலை சுற்றியது, மூடிவிட்டேன் என்பது இன்னொன்று. பல சமயம் இரண்டையும் சொல்வது ஒரே ஆள்தான். நானும் அந்தக் கூட்டம்தான். முதல் தடவை இன்ஸ்டால் செய்து பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

இப்போது அதை விட்டு வேறு எதையும் திறக்க மனம் வருவதில்லை. நடுவில் என்ன மாறியது என்று பார்த்தால், பெரிதாக ஒன்றுமில்லை, அதன் ஒரே ஒரு விசித்திரப் பழக்கம் புரிந்தது, அவ்வளவுதான். கீழே மெதுவாக அசையும் ஒரு சாதாரண சத்தத்தை ஒன்றுமில்லாததிலிருந்து செய்யப் போகிறோம், வழியில் எங்கெங்கே இடறும் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

கொஞ்சம் முன்கதை, ஏனென்றால் இது உதவும். கிளாஸ் யோஹான்சன் என்பவர் வெம்பர் ஆடியோ என்ற பெயரில் காசுக்கு விற்றுக்கொண்டிருந்த பிளகின் (இசை மென்பொருளுக்குள் சேர்ந்து ஓடும் துணை மென்பொருள்) இது. 2018 செப்டம்பரில் அதன் மூல நிரலை ஜிபிஎல் 3 உரிமத்தில் எல்லோருக்கும் திறந்து விட்டார். அதன்பின் தன்னார்வலர்கள் குழு ஒன்று எடுத்துப் பராமரித்து, 2022 ஜனவரியில் எக்ஸ்டி என்ற பெயரில் புதுப்பித்து வெளியிட்டது. ஆக, உள்ளே இருக்கும் யோசனை பழைய காலத்துடையது. சீரம், வைட்டல் மாதிரி எல்லாம் கண்முன் ஆடிக்காட்டும் பிளகின்களில் பழகியவர்கள் இங்கே வந்து முகம் சுளிப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

படி 1: கண்ணுக்கு வசதி செய்துகொள்ளுங்கள்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் இன்ஸ்டாலர் இருக்கிறது. உங்கள் டிஏடபிள்யூ (பாட்டைப் பதிவுசெய்து கோக்கும் மென்பொருள்) புதிய பிளகினைக் காட்டவில்லை என்றால் பிளகின் பட்டியலை ஒருமுறை ரீஸ்கேன் செய்யுங்கள். டிஏடபிள்யூவே இல்லையா, தனியாக ஓடும் ஆப்பும் கூடவே வருகிறது, அதைத் திறங்கள்.

எழுத்தெல்லாம் எறும்பு சைஸில் இருக்கிறது என்பது பலரும் சொல்லும் முதல் புகார். வலது கீழ்மூலையில் மெனு பட்டன், அதில் ஜூம், 150 சதவீதம் வையுங்கள். அதே மெனுவில் ஸ்கின் என்று ஒன்று இருக்கிறது, வெள்ளி நிறத் தோற்றம் கண்ணை உறுத்தினால் இருட்டான ஸ்கினுக்கு மாறிக்கொள்ளலாம்.

படி 2: வெறும் பேட்ச்சில் தொடங்குங்கள்

கூடவே வரும் பேட்ச்கள் (ஆயத்தமாகச் சேமித்து வைத்த சத்தங்கள்) 2,800க்கும் மேல். அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்க உட்கார்ந்தால் ராத்திரி போய்விடும், கற்றுக்கொண்டது பூஜ்யம். மேலே நடுவில் பேட்ச் பெயரைக் கிளிக் செய்து டெம்ப்ளேட்ஸ் பிரிவுக்குப் போய் ‘இனிட் சா’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நோட்டை அழுத்தினால் ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு மொட்டைச் சத்தம் வரும். வரட்டும்.

இடது மேல்மூலையைப் பாருங்கள், அங்கே ஏ, பி என்று இரண்டு சீன்கள். ஒவ்வொரு சீனும் தன்னளவில் ஒரு முழு சின்தசைசர்: மூன்று ஆசிலேட்டர் (மூலச் சத்தத்தைத் தருபவை), இரண்டு ஃபில்டர் (அதில் ஒரு பகுதியை வடிகட்டுபவை), எல்லாம் தனித்தனி. பக்கத்தில் மோடு ‘சிங்கிள்’ என்று இருந்தால் தேர்ந்தெடுத்த சீன் மட்டும்தான் ஒலிக்கும், ‘டூயல்’ என்றால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். ரெடிமேட் பேட்ச் ஒன்றைத் திறந்து கட்டாஃபை (ஃபில்டர் எங்கிருந்து வடிகட்டத் தொடங்கும் என்ற அளவு) இழுத்தும் பாதிச் சத்தம் அப்படியே நிற்கிறதே என்று குழம்புகிறவர்கள் மோடு டூயலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாம் இப்போது ஏ சீன், சிங்கிள்.

படி 3: ஃபில்டர்

ஃபில்டர் 1இன் கட்டாஃபை இழுத்துப் பாருங்கள். எதுவும் மாறவில்லையா? ஃபில்டர் வகை ‘ஆஃப்’ என்று இருக்கும். அந்த நிலையிலும் ஸ்லைடர் சமர்த்தாக நகர்ந்துகொண்டே இருக்கும், சத்தத்தில் மட்டும் ஒரு மாற்றமும் வராது. வகையைக் கிளிக் செய்து லோபாஸ் பிரிவில் எல்பி 24 டிபியைப் போடுங்கள், இப்போது இழுத்தால் சத்தம் போர்வைக்குள் போவதுபோல மங்கும். பாதிக்குக் கீழே எங்காவது நிறுத்துங்கள்.

ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் ஸ்லைடர் நுணுக்கமாக நகரும். டபுள் கிளிக் செய்தால் அதன் இயல்பான தொடக்க இடத்துக்கே திரும்பும். ரைட் கிளிக் செய்தால் ஒரு மெனு வரும், அதைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் சர்ஜில் பாதி வசதிகள் ரைட் கிளிக்குக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

படி 4: அசைவு (இங்கேதான் எல்லோரும் விழுவது)

கீழே வரிசையாகப் பட்டன்கள் இருக்கும். அதில் எல்எஃப்ஓ 1ஐ (எல்எஃப்ஓ என்பது மற்ற ஸ்லைடர்களைத் தானாக ஆட்டிவைக்கும் மெதுவான அலை) ஒருமுறை கிளிக் செய்தால் அது தேர்வாகும், அதன் அலைவடிவமும் வேகமும் கீழே தெரியும். அதையே இன்னொரு முறை கிளிக் செய்யுங்கள். இப்போது திரையில் இருக்கும் ஸ்லைடர்கள்மேல் வேறு நிறத்தில் இன்னொரு பிடி முளைத்திருக்கும். இதுதான் ரூட்டிங் நிலை, சர்ஜின் விசித்திரப் பழக்கமும் இதுவே. இந்த நிலையில் ஸ்லைடரை இழுத்தால் கட்டாஃப் நகராது, எல்எஃப்ஓ கட்டாஃபை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்க வேண்டும் என்ற அளவுதான் நகரும். ஒரே ஸ்லைடர், இரண்டு வேலை.

கட்டாஃபின் புதுப் பிடியைக் கொஞ்சம் மேலே இழுங்கள். நோட்டை அழுத்திப் பிடியுங்கள். சத்தம் திறந்து மூடித் திறந்து மூடி அலையும். சரி, இப்போது மறக்காமல் எல்எஃப்ஓ 1ஐ மறுபடி கிளிக் செய்து ரூட்டிங் நிலையிலிருந்து வெளியே வாருங்கள்.

‘மறக்காமல்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் மறந்தேன். அந்த நிலையிலேயே இருந்துகொண்டு ரெசனன்ஸ், பிட்ச், வால்யூம் என்று வரிசையாகச் ‘சரிசெய்து’ கொண்டே போனேன், ஒவ்வொன்றும் எல்எஃப்ஓவோடு கட்டப்பட்டுக்கொண்டே வந்தது, கடைசியில் கடல்நோய் வந்தவன் வாசிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஸ்பீக்கரில் கோளாறோ என்று கேபிளை வேறு கழற்றி மாட்டினேன். உங்களுக்கும் இப்படி ஆனால் பதற வேண்டாம், எல்எஃப்ஓ 1மேல் ரைட் கிளிக் செய்தால் அது எதையெல்லாம் ஆட்டுகிறது என்ற பட்டியல் வரும், வேண்டாததை அங்கேயே நீக்கலாம். ரூட்டிங் நிலையிலேயே அந்தப் பிடியை டபுள் கிளிக் செய்தாலும் அந்த இணைப்பு போய்விடும்.

எல்எஃப்ஓவை இழுத்து ஸ்லைடர்மேல் போடும் வழியும் எக்ஸ்டியில் இருக்கிறது. ஆனால் கிளிக் முறையையே முதலில் பழகுங்கள் என்பேன். நாலைந்து ஸ்லைடர்களை ஒரே மூச்சில் இணைப்பதற்கு அதைவிட வேகமான வழி வேறு பிளகின்களில் எனக்குத் தென்பட்டதில்லை, முதல் வாரம் எரிச்சலூட்டியது பிறகு கை தானாகச் செய்யும் வேலையாகிவிட்டது.

வேகத்துக்கு ரேட் ஸ்லைடர். அதை ரைட் கிளிக் செய்து டெம்போ சிங்க் போட்டால் பாட்டின் வேகத்தோடு சேர்ந்து ஆடும்.

அப்புறம், எல்எஃப்ஓ என்று ஆறு, எஸ்-எல்எஃப்ஓ என்று இன்னொரு ஆறு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் வகை ஒவ்வொரு நோட்டுக்கும் தனித்தனியாக ஓடும், இரண்டாவது சீன் முழுமைக்கும் பொது. நான்கு நோட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றுத் தள்ளித் தள்ளி அழுத்திப் பாருங்கள். எல்எஃப்ஓ 1இல் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு அலையும், எஸ்-எல்எஃப்ஓவில் நான்கும் ஒன்றாகவே மூச்சுவிடும். எனக்கு முதல் வகைதான் பிடிக்கும்.

படி 5: தொடக்கமும் முடிவும்

ஆம்ப் ஈஜி (ஒரு நோட்டின் வால்யூம் எப்படி ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது) என்ற பகுதியில் ஏ, டி, எஸ், ஆர் என்று நான்கு ஸ்லைடர்கள். ஏவையும் (ஏறும் நேரம்) ஆரையும் (அடங்கும் நேரம்) கொஞ்சம் ஏற்றுங்கள், சத்தம் மெதுவாக வந்து மெதுவாகப் போகும். பக்கத்தில் இருக்கும் ஃபில்டர் ஈஜியைத் தவறுதலாக நகர்த்திவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று தேடாதீர்கள்.

படி 6: எஃபெக்ட்

வலது மேல்மூலையில் குட்டிக் குட்டிக் கட்டங்கள், மொத்தம் 16: ஏ சீனுக்கு நான்கு, பிக்கு நான்கு, சென்ட் (சத்தத்தின் ஒரு பங்கைத் தனியாக அனுப்பும் பாதை) நான்கு, எல்லாவற்றுக்கும் பொதுவாக நான்கு. ஏ வரிசையில் முதல் கட்டத்தைக் கிளிக் செய்து ஒரு ரிவெர்ப் (பெரிய அறையில் ஒலிப்பதுபோன்ற எதிரொலி) போடுங்கள். மிக்ஸைக் குறைவாகவே வையுங்கள். சென்ட் கட்டத்தில் போட்டால் அதற்கான சென்ட் லெவலையும் ஏற்றினால்தான் கேட்கும், இல்லாவிட்டால் ரிவெர்ப் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

படி 7: சேமியுங்கள்

பேட்ச் பெயருக்குக் கீழே ‘ஸ்டோர்’ பட்டன். பெயரும் வகையும் கொடுத்து ஓகே. பேட்ச்சை மாற்றும் அம்புக்குறிகளும் அதே பெயருக்கடியில்தான் இருக்கின்றன. ஸ்டோரை அழுத்தப் போய் கை தவறி அம்பில் பட்டால் அடுத்த பேட்ச்சுக்குத் தாவிவிடும், அதனால் அந்தப் பக்கம் மவுஸைக் கொண்டுபோகும்போது மட்டும் கொஞ்சம் நிதானம்.