ஜியோஜீப்ராவில் பி மதிப்பைக் கண்ணால் பார்க்க

பி மதிப்பு என்பது, சோதிக்கும் கருதுகோள் உண்மையாக இருந்தால் நமக்குக் கிடைத்த அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ விலகிய முடிவு வரும் நிகழ்தகவு. படத்தில் அது ஒரு வளைகோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்பு. அட்டவணையைப் புரட்டியே படித்தவர்களுக்கு இது மனதில் பதிவதில்லை. ஜியோஜீப்ரா கிளாசிக் என்ற கணித மென்பொருளில் உள்ள ப்ராபபிலிட்டி கால்குலேட்டர் அந்தப் பரப்பை நிழலிட்டே காட்டுகிறது. பிரவுசரிலேயே ஓடும், நிரல் எழுதத் தேவையில்லை.

வியூ மெனுவில் ப்ராபபிலிட்டி கால்குலேட்டரைத் திறந்தால் இரண்டு டேப் இருக்கும்: டிஸ்ட்ரிபியூஷன், ஸ்டாட்டிஸ்டிக்ஸ். நேரே இரண்டாவதற்குப் போகாதீர்கள்.

முதல் டேபில் நார்மலை (இயல்நிலைப் பரவல்) தேர்ந்தெடுத்து, மியூ (சராசரி) 500, சிக்மா (திட்ட விலக்கம்) 4 என்று கொடுங்கள். 500 மில்லி பால் பாக்கெட்டின் கொள்ளளவு என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்க வால் பொத்தானை அழுத்தி 494 என்று இட்டால், 494 அல்லது அதற்குக் கீழே வரும் நிகழ்தகவு 0.0668 என்று வரும். இங்கேதான் பலர் முதல் தவறைச் செய்கிறார்கள். பாடநூல்கள் பெரும்பாலும் இயல்நிலைப் பரவலை மாறுபாட்டெண்ணோடு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) எழுதும். இந்தக் கட்டமோ திட்ட விலக்கத்தைக் கேட்கிறது. 4-க்குப் பதில் 16 இட்டால் விடை 0.354 ஆகிவிடும். படத்தைப் பார்த்தாலே தெரியும்: வளைகோடு அகன்று தட்டையாகப் படுத்திருக்கும்.

அடுத்து பைனாமியல் (ஈருறுப்புப் பரவல்). என் (முயற்சிகளின் எண்ணிக்கை) 20, பி 0.5. இந்தப் பி, பி மதிப்பு அல்ல; ஒரு முறை சுண்டினால் தலை விழும் நிகழ்தகவு. நாணயத்தை 20 முறை சுண்டி 15 அல்லது அதற்கு மேல் தலை விழும் நிகழ்தகவு 0.0207. ‘15-க்கு மேல்’ என்று கேட்டால் 16-இலிருந்து எண்ண வேண்டும், விடை 0.0059 ஆகக் குறையும். தொடர்ச்சியான பரவலில் இந்த வேறுபாடு கிடையாது. தனித்தனிப் பட்டைகளாக நிற்கும் பரவலில் ஒரு பட்டை உள்ளே வருகிறதா, வெளியே நிற்கிறதா என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது. எந்தப் பட்டை வரை நிறம் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணை எழுதுங்கள்.

இனி சோதனை. 10 பாக்கெட் அளந்ததில் சராசரி 497.2, கூறின் (சாம்பிளின்) திட்ட விலக்கம் 3.5. இன்மை கருதுகோள், அதாவது நாம் சோதிக்கும் கூற்று: சராசரி 500. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டேபில் ‘டி டெஸ்ட் ஆஃப் எ மீன்’ எடுத்து, மாற்று கருதுகோளுக்கு ≠ வைத்து, இன்மை கருதுகோளின் 500-ஐயும் கூறின் மூன்று எண்களையும் நிரப்புங்கள். டி −2.53, பி 0.032 அளவில் வரும். இதே எண்களை இசட் டெஸ்டில் இட்டால் பி 0.011. மென்பொருள் எச்சரிக்காது. 3.5 என்பது 10 பாக்கெட்டிலிருந்து கணக்கிட்டது, முழுத்தொகுதியின் சிக்மா அல்ல. எனவே டி டெஸ்ட்தான் சரி.

சரிபார்க்க முதல் டேபுக்குத் திரும்பி ஸ்டூடண்ட் பரவலை எடுங்கள். டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலை பார்த்த காசெட், 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த பெயர் இது. கட்டின்மை எண் (இங்கே கூறின் அளவில் ஒன்று குறைவு) 9, இடப்பக்க வால், −2.53. பரப்பு 0.016 வரும். ≠ என்பதால் இரண்டு வாலுக்கும் சேர்த்து இரட்டித்தால் 0.032; சோதனை சொன்ன அதே பி. நிகழ்தகவுக் கட்டத்திலேயே 0.025 (இரண்டு வாலுக்கும் பிரித்த 5 சதவீதத்தில் பாதி) என்று தட்டினால் எல்லை மதிப்பு −2.262 கிடைக்கும். இயல்நிலையில் அது −1.96. கட்டின்மை எண்ணை 4, 9, 30 என்று ஏற்றிப் பாருங்கள்: வால் மெலிந்து, எல்லை மதிப்பு 2.776, 2.262, 2.042 என்று 1.96-ஐ நோக்கி இறங்கும். சிறிய கூறுக்கு ஏன் கூடுதல் ஆதாரம் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மாற்று கருதுகோளின் திசையைத் தரவைப் பார்க்கும் முன்பே முடிவுசெய்யுங்கள். < என்றால் பி 0.016; தவறுதலாக > வைத்தால் 0.984. பி ஒன்றை ஒட்டி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் குறியைத்தான்.

வகைவாரியாக எண்ணிய தரவுக்கான கை-வர்க்கச் சோதனையில் ‘எக்ஸ்பெக்டட் கவுண்ட்’ பெட்டியை டிக் செய்யுங்கள். ஏதேனும் கட்டத்தில் எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5-க்குக் கீழே இருந்தால், பொருள் கெடாமல் சேர்க்கக்கூடிய வகைகளைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

திரையில் பி 0 என்று தெரிந்தால் அது சுழி அல்ல, முழுமையாக்கப்பட்ட எண். அமைப்புகளில் ரவுண்டிங்கைக் கூட்டுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் அறிக்கையில் ‘0.0001-க்கும் குறைவு’ என்று எழுதுங்கள்.