வேலை போன வீட்டில் ஜெபிப்பது எப்படி?

என் கணவர் வேலை போய் 7 மாதம் வீட்டில் இருந்தார். நான் தூத்துக்குடியில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். அப்போது பழகிக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், ஜெபத்தில் நடிக்காதீர்கள். "எல்லாம் நன்மைக்கே ஆண்டவரே" என்று வாய் சொல்லும், வயிறு எரியும். அதற்குப் பதில் பைபிளில் 13-ம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். மொத்தமே 6 வசனம். முதல் 2 வசனத்துக்குள் தாவீது 4 தடவை "எதுவரைக்கும்" என்று கேட்டுவிடுகிறார். ஐந்தாவதாக என் வீட்டு வாடகையை நான் சேர்த்துக்கொள்வேன்.

அப்புறம், அன்றைய நாளுக்கு மட்டும் கேளுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆண்டவர் கொடுத்த ஆகாரமான மன்னாவும் அப்படித்தான், ஓய்வுநாளுக்கென்று வைத்ததைத் தவிர, மறுநாளுக்கு வைத்தது புழுத்துப்போனது. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் இன்றைய தேவையை எழுதி மெஷின் டிராயரில் போடுவேன். "கேஸ் சிலிண்டர்" என்று எழுதிய அன்று இரண்டு பிளவுஸ் ஆல்ட்ரேஷன் வந்தது. போதவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் மீதியைக் கடன் வாங்கினேன். கடன் கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு நகருங்கள்.

சபையில் எல்லாரிடமும் சொல்ல வேண்டாம். நாம் அழும்போது புத்தி சொல்லாமல் பக்கத்தில் உட்காருகிற ஒருவர் போதும். எனக்கு அது மாமியார், நம்பமாட்டீர்கள்.