துருவேறி இறுகிய கப்பியைக் கழற்றும் முறை

மட்டக்களப்பு வாவியை அண்டிய வயல்களில் நிற்கும் நீர்ப்பம்பிகளுக்கு உப்புக்காற்று ஓயாமல் படுவதால், ஒரு போகம் இயக்காமல் விட்டாலே கப்பி தண்டோடு துருவேறி இறுகிவிடக்கூடும். கழற்றப் புகுமுன் பார்க்க வேண்டியது கப்பியின் குடத்திலுள்ள (தண்டைக் கவ்வியிருக்கும் நடுப்பகுதி) அலன் ஆணியை, அதாவது அறுகோணக் குழியுள்ள திருகாணியைத்தான். கிறீஸும் சேறும் அடைத்த துளையைச் சுரண்டித் துப்புரவாக்கி, ஆணியை முழுதாக வெளியே எடுங்கள். சில கப்பிகளில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஆணிகள் இருக்கும், அடியிலுள்ளதை விட்டுவிட்டு இழுத்தால் தண்டு கீறுப்பட்டுவிடும்.

பின்னர் தண்டின் வெளிமுனையை எமரித் தாளால் பளபளக்கத் தேய்த்து, துருவை இளக்கும் எண்ணெயை ஆணித்துளையிலும் கீ (கப்பியையும் தண்டையும் சேர்ந்து சுழலவைக்கும் சிறு உலோகக்கட்டை) பொருந்தும் காடியிலும் விட்டு ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் புல்லரின் (கப்பியை இழுத்துக் கழற்றும் கருவி) கால்களைக் கப்பியின் விளிம்பில் மாட்டாமல் குடத்தின் பின்புறம் மாட்ட வேண்டும், ஏனெனில் வார்ப்பிரும்பு விளிம்பு வளைந்து கொடுக்காது, வெடித்துவிடும். நடுத்திருகை இறுக்கி, அதன் தலையில் சுத்தியலால் இலேசாகத் தட்டி, சற்றுப் பொறுத்து மீண்டும் இறுக்கினால், பெரும்பாலும் 'டக்' என்ற ஓசையோடு பிடி விட்டுப்போகும். அவசரப்பட்டுத் தண்டின் முனையிலேயே ஓங்கி அடிப்பவர்கள் பெயரிங்கைத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அப்போதும் அசையாவிட்டால் குடத்தை மட்டும் சூடாக்கலாம். ஆனால் எண்ணெயை நன்கு துடைத்து, பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தூர வைத்த பின்னரே தீயை அருகில் கொண்டுவர வேண்டும். உள்ளிருக்கும் எண்ணெய் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) கருகக்கூடும் என்பதால் இதைக் கடைசி வழியாகவே வைத்திருப்பது நல்லது. திரும்பப் பூட்டும்போது நேரான (முனை நோக்கி ஒடுங்காத) தண்டில் மெல்லிதாகக் கிறீஸ் பூசிவிடுங்கள்.